பாலேஸ்வரி மூட்டிய ஊமல் நெருப்பு

இணுவிலில் நெல்லிரசம் காய்ச்சிப் போத்தலில் அடைக்கும் சின்னத் தொழிற்சாலையொன்றில் பாலேஸ்வரி வருசக் கணக்காகப் போத்தல் கழுவியவள். டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் பொயிலர் பார்த்தவன் கனடாவுக்குப் பறந்துவிட்டான். பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த பழைய விறகுப் பொயிலரை மூட்டி, நீராவி எடுத்து, தொழிற்சாலையை மூடவிடாமல் காத்தது இந்த மனுசிதான். அதற்கு நன்றியாக முதலாளி கனகரத்தினம் தந்தது ஒரு துவாய்த் துண்டு.

டீசல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் முதலாளியின் கதை மாறியது.

"விறகுக்கும் தட்டுப்பாடு. டீசல் பொயிலர் எண்டால் சுவிச்சைப் போட்டால் சரி, ஆள் தேவையில்லை. நீர் திரும்பப் போத்தல் கழுவப் போத்தலடிக்குப் போம்."

பாலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊமலைப் போட்டு ஒருக்காப் பாப்பம், முதலாளி. நீராவி நிண்டு பிடிக்காட்டி நானே போறன்."

பனங்கிழங்கைக் கிண்டியபின், கொட்டையைப் பிளந்து உள்ளேயிருக்கும் இனிப்பான வெண்பருப்பாகிய பூரானைத் தின்றால் மிஞ்சும் கோதுதான் ஊமல். அயல் வளவுகளில் கேட்பாரற்றுக் கிடந்ததைச் சாக்குச் சாக்காகச் சேர்த்தாள்.

சோதனை நாளில் மானம் போனது. பொயிலருக்குள் படார் படாரென்று வெடி. கரும்புகை எழும்பிப் பக்கத்து வளவில் காய்ந்த வேட்டியெல்லாம் கரி. நீராவி அளக்கும் முள்ளு அசையவேயில்லை.

"கண்டீரோ? போம் போத்தலடிக்கு" என்றார் முதலாளி.

"போகமாட்டன்."

அந்தச் சொல்லை அவள் அங்கே சொன்னது அதுதான் முதல் தடவை. மிச்சச் சாக்கைக் கொட்டிக் கிளறினாள். பாதிக்குப் பாதி பிளக்காத கொட்டை, உள்ளே பூரான் ஈரத்தோடு இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்துவிட்டுப் பூரானையும் சேர்த்தா எரிப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கத்தியோடு வாசலில் குந்தினாள். போத்தலடிப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். பிளந்தார்கள், தின்றார்கள், கோதை வெயிலில் பரப்பினார்கள். முதலாளிக்கும் ஒரு பூரான் நீட்டினாள். கோபத்தோடேயே வாங்கித் தின்றார்.

காய்ந்த ஊமலை மூட்டிய அன்று வெடியில்லை, கரும்புகையில்லை. காலையில் ஏறிய முள்ளு வேலை முடியும்வரை இறங்கவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் எரியுது. இனி என்ரை மருமோன் கஜானன் பொயிலரைப் பாக்கட்டும். நீர் அவனைப் பழக்கிவிட்டிட்டு..."

பாலேஸ்வரி ஒரு சவள் ஊமலை அள்ளி பொயிலருக்குள் எறிந்து அதன் கதவைச் சாத்தினாள்.

"தம்பி வரட்டும், முதலாளி. போத்தலடியிலை என்ரை பழைய இடம் தம்பிக்கெண்டு வெறுமையாத்தான் கிடக்குது."