அக்காவை வெள்ளையாக்கிய குச்சி

எங்கள் மாமா அக்காவை எட்டே விநாடியில் வெள்ளையாக்கிவிடுவார். பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம். இறைச்சி கோத்துச் சுடும் ஒரு சாத்தே குச்சியும் கொஞ்சம் கறுப்புக் காகிதமும் போதும். காகிதத்தை ஐம்பது காசு அகலத்துக்கு வட்டமாக வெட்டிக் குச்சி முனையில் ஒட்டுவார். பிலிம் வழியாக வெளிச்சம் போட்டோத் தாளில் விழும்போது, அந்த வட்டத்தைத் தாளில் தெரியும் முகத்துக்கு மேலே பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த இடம் வெளுப்பாக வரும்.

புக்கிட் செலம்பாவ் ஊரில் எங்கள் வீட்டுக் குளியலறைதான் படம் போடும் இருட்டறை. பால்மாவு டின்னுக்குள் பல்பை வைத்து, பழைய கேமராவின் லென்சை மாட்டி, படத்தைப் பெரிதாக்கும் கருவியையும் மாமாவே செய்திருந்தார். அவருக்கு ஒரு கையில் சுவிட்ச், மறு கையில் கடிகாரம். குச்சி பிடிப்பவள் ஒன்பது வயது நான்.

அந்தப் படங்கள் மாப்பிள்ளை வீடுகளுக்குப் போகும். வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், அக்காவைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மூன்று தடவை இப்படி நடந்தது. எனக்குக் கொண்டாட்டம். அம்மா இல்லாத வீடு; அப்பா வேலையிலிருந்து வந்தால் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். என்னோடு பேச அக்கா ஒருத்திதான் இருந்தாள். அவளும் போய்விட்டால் என் கதி என்ன?

நான்காவது படத்துக்கு நான் குச்சியை அவள் முகத்தின் மேல் பிடிக்கவே இல்லை. பக்கத்திலிருந்த பூந்தொட்டிக்கு மேல் சமர்த்தாக ஆட்டிக்கொண்டு நின்றேன். மாமாவின் கண் கடிகாரத்தில் இருந்தது. மருந்துத் தண்ணீரில் அக்கா கன்னங்கரேலென்று எழும்பி வந்தாள்; பூந்தொட்டிக்குத்தான் அழகு கூடியிருந்தது. மாமா என் காதைத் திருகினார். தாள் தீர்ந்துவிட்டது, வாங்கி வந்து மறுபடி போடலாம் என்றார். அக்கா அந்த ஈரப் படத்தை வாசலுக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

“இதையே அனுப்புங்க மாமா. நான் இப்படித்தான்லா இருக்கேன்.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இந்த மூஞ்சிக்கு எவன் வரப்போகிறான்!

பாக்கார் ஆராங் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், அக்காவைப் பார்த்தார்கள், அங்கேயே உட்கார்ந்து கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

கல்யாணம் முடிந்து அக்காவை ஏற்றிக்கொண்டு கார் புறப்பட்டபோது நான் கதறி அழுதேன். அக்கா அழவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு வருடம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பள்ளி விட்டு வந்து நானே பூட்டைத் திறந்து, ரேடியோவைப் போட்டுவிட்டு, அதோடு வாயாடிக்கொண்டே சாப்பிடுவேன். முன்பு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கையிலிருந்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.