கைன்ட்லி முத்துலிங்கம்

கைன்ட்லி என்ற இங்கிலீஷ் சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். கண்டிக்குப் பக்கம், வத்தேகம பஸ் நிலையத்துக்கு எதிரே, அக்குறணை நபீல் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் ஒன்பது வருடமாகப் போட்டோ கொப்பி எடுக்கிறேன். அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, மூடியை அமுக்கி, நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் எங்கள் கடை மூலையில் உட்கார்ந்திருக்கும் முத்துலிங்கம் ஐயா அடித்த கடிதங்கள்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. பழைய டைப்ரைட்டரில் பழகிய பத்து விரலும் இப்போது கம்ப்யூட்டரில் ஓடும். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பெயர் திருத்த, கூரைத் தகரம் கேட்க, எதற்கென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். முகத்துக்கு முன்னால் ஐயா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் கைன்ட்லி முத்துலிங்கம். வரிக்கு வரி அந்தச் சொல்லைப் போடாமல் அவர் ஒரு கடிதமும் முடித்ததில்லை.

அவருடைய அப்பா தோட்டத்து ஆபீசில் பியோனாக இருந்தவர். தமிழில் வந்த கடிதங்களைப் பிரிக்காமலே கூடையில் போட்டதையும், இங்கிலீஷ் கடிதமென்றால் வெள்ளைக்காரத் துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்ததையும் தினம் பார்த்தவர். வீட்டுக்கு வந்து மகனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: இங்கிலீஷில் எழுது, கைன்ட்லி போட்டு எழுது. மகன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அந்தத் துரைமார் போய் எத்தனை காலம் ஆயிற்று, இப்போது உள்ளூர் மானேஜரைத்தான் துரை என்கிறோம். இவர் விடவில்லை.

போதாததற்கு அந்தச் சொல்லின் குலம் கோத்திரம் முழுக்க அவருக்குத் தெரியும். மேசை லாச்சியில் அட்டை போன ஒரு தடித்த அகராதி வைத்திருக்கிறார். வேலை இல்லாத மத்தியானங்களில் என்னைப் பிடித்து வைத்துப் பாடம் நடத்துவார்.

“கேளு கலா. கைன்ட்னா ஆதியில எரக்கம் இல்ல. பொறப்பு, வம்சம். கைன்ட்லினா, பொறப்புப்படி, இயல்பா நடக்கிறதுனு அர்த்தம். அப்பறம் சொந்தக்காரன் சொந்தக்காரன்கிட்ட மனசு வச்சு நடக்கிறதுனு வந்துச்சு. கடைசியா கடிதத்துல தயவுசெய்துனு ஆயிருச்சு.”

“தொர நமக்குச் சொந்தமா ஐயா?” என்று கேட்டேன்.

“அதுதான் அந்த வார்த்தையோட அழகு. சொந்தம் இல்லாதவனையும் சொந்தமாக்கும்.”

அழகாம். மேலேயிருந்து வரும் கடிதங்களையும் நான்தானே கொப்பி எடுக்கிறேன். இத்தனையாம் திகதிக்கு முன் கைன்ட்லி வீட்டைக் காலி செய்யவும் என்று வங்கி எழுதும். கைன்ட்லி இனி இது பற்றி எழுத வேண்டாம் என்று அரசாங்கக் கந்தோர் எழுதும். கீழேயிருந்து ஏறும்போது காலைப் பிடிக்கிற சொல், மேலேயிருந்து இறங்கும்போது தலையில் மிதிக்கும். எந்தச் சொந்தக்காரன் சொந்தக்காரனிடம் இப்படிப் பேசுகிறான்? ஐயாவிடம் சொன்னால், ஒரு விஷயம் ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் அவர் அதைக் கைன்ட்லியாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுகூட இங்கிலீஷில் சொல்வார்கள் என்று அடுத்த பாடத்தை ஆரம்பித்துவிடுவார். நான் கடதாசிக் கட்டைப் பிரிக்க எழுந்து போய்விடுவேன்.

ரத்தினம்மா அக்கா முதல்முறை வந்தது போன வருடம் சித்திரையில். வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். சீனி வருத்தக்காரி, புண் வந்தால் லேசில் ஆறாது. அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஆறு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ் குழி. அது நிரம்பி, மழைக்கு உடைந்து, அவர் வீட்டு வாசற்படியை ஒட்டி ஓடுகிறது. காலையில் வேலைக்கு இறங்கினால் அதில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும். சோற்றுப் பானையைத் திறந்தால் ஈ. தோட்டத்து ஆபீஸ் ஆள் அனுப்பிக் குழியைச் சரிசெய்ய வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஐயா அடித்த கடிதத்தைக் கண்ணாடியில் வைக்கும்போது எழுத்துக் கூட்டி வாசித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே அது விளங்கியது. சுகாதார ஏற்பாட்டில் ஒரு சிறு சிரமம் ஏற்பட்டிருப்பதைப் பணிவோடு தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம், ஓய்வு கிடைக்கும்போது கைன்ட்லி பார்வையிடவும், கைன்ட்லி ஆவன செய்யவும், இந்தத் தொந்தரவைக் கைன்ட்லி மன்னிக்கவும்.

“ஐயா, இதுல பீ எங்க இருக்கு?” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. “தொரைக்கு எழுதுற கடிதத்துல அதையெல்லாம் எழுதலாமா புள்ள?”

“வாசல்ல ஓடலாம், கடிதத்துல ஓடக்கூடாதா?”

ரத்தினம்மா அக்கா கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, சேலைத் தலைப்பில் ஈரம் படாமல் சுற்றிக்கொண்டு போனார்.

பதினான்கு மாதத்தில் பதினொரு கடிதம். ஒவ்வொன்றிலும் ஐயா பணிவைக் கூட்டினார். பதில் வராததற்குப் பணிவு போதாததுதான் காரணம் என்று உண்மையாகவே நம்பினார். பதினோராவது கடிதத்தில் ஏழு கைன்ட்லி இருந்தது. அதற்குள் ரத்தினம்மா அக்காவின் வலது காலில் ஒரு புண் வந்திருந்தது. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு அந்த ஊத்தையில்தான் தினமும் மிதித்தார். புண் கறுத்தது. கண்டி பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இந்தக் காலோடு எதில் நடந்தீர்கள் என்று டொக்டர் கேட்டாராம். சொல்ல வெட்கமாக இருந்ததாம், அதனால் மழைத் தண்ணியில் என்று சொன்னாராம். இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தத் துரை மேல், டொக்டருக்குக்கூட உண்மையைச் சொல்லாத இந்த மனுஷி மேல், எல்லாரையும் விட முத்துலிங்கம் ஐயா மேல்.

“ஐயா, எந்திரிங்க. இன்னைக்கு நேர்ல போய்க் கேப்போம்” என்றேன். அவர் பதினொரு கொப்பியையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, மறுபேச்சில்லாமல் கூட வந்தார். வழியில் லயத்துக்குப் போய் ரத்தினம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டோம். வாசலில் நின்ற கொஞ்ச நேரத்தில் ஐயா மூக்கைக் கைலேஞ்சியால் மூடினார். எழுதினாரே ஒழிய, அதுவரை அதை அவர் பார்த்ததும் இல்லை, முகர்ந்ததும் இல்லை.

ஆபீசில் கிளாக்கர் மோகனராஜ் இருந்தார். முப்பது வயது, மரியாதையான ஆள், தோட்டத்துப் பிள்ளைதான். ஐயாவைப் பார்த்ததும் எழுந்து கதிரை போட்டார்.

“ஒங்க கடிதம் எல்லாம் பத்திரமா இருக்கு ஐயா” என்று சந்தோஷமாகச் சொல்லி, அலுமாரியிலிருந்து இரண்டு ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சிவப்பு, மெல்லியது. மற்றது பச்சை, தலையணைத் தடிப்பு. சிவப்பில் பொலிஸ் கடிதம், யூனியன் கடிதம், மெஷின் பழுது. அது அன்றன்றைக்குத் துரை மேசைக்குப் போகும். பச்சை, வேண்டுகோள்களுக்கு. பதினொரு கடிதமும் பச்சையில் திகதிப்படி கிளிப் போட்டு இருந்தன.

“எது எந்த ஃபைலுனு எப்படிப் பிரிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. இந்த ஆபீஸ்ல பழைய வழக்கம் ஒண்ணு இருக்கு. கைன்ட்லி இருக்கானு பாப்பேன். இருந்தா அவசரம் இல்ல, வேண்டுகோள். பச்சையில போட்டுருவேன்.”

“தொர பச்சைய எப்ப பாப்பாரு?”

“கேட்டா கொடுப்பேன்.”

“எப்ப கேப்பாரு?”

“நான் வந்து நாலு வருசம். இன்னும் கேக்கல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “தொரைக்கும் இங்கிலீஷ் கஷ்டம் ஐயா. சிங்களத்துலதான் எல்லாம். தமிழ்ல எழுதித் தந்திருந்தா நானே வாசிச்சுச் சொல்லியிருப்பேனே.”

தமிழ் ஆள் ஒருவர் சொல்ல, தமிழ் ஆள் ஒருவர் இங்கிலீஷில் எழுத, அதை வாசிக்கத் தெரியாத இன்னொரு தமிழ் ஆள், சிங்களம் மட்டும் வாசிக்கிற துரையிடம் கொடுக்காமல் பூட்டி வைத்திருக்கிறார். எல்லாரும் மரியாதையானவர்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

வந்தபோது ஐயா பச்சை ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். ரத்தினம்மாவுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருடத்துக் கடிதங்கள், பெரும்பாலும் அவர் அடித்தவை. ஒன்றில் விரல் நின்றது. கறுப்பையா கூரைத் தகரம் கேட்ட கடிதம். கறுப்பையா நனைந்த வீட்டிலேயே இருமி இருமிச் செத்து இரண்டு வருடம். செத்த வீட்டுக்கு ஐயாவும்தான் போயிருந்தார்.

“ஒரு கடதாசி தாங்க தம்பி” என்றார்.

கையால், தமிழில் எழுதினார். மலம் என்று எழுதினார். அதை வெட்டிவிட்டு, வேறு சொல் போட்டார். எழுதி முடித்ததும் நான் வாசித்தேன். எங்கள் வாசலில் பதினான்கு மாதமாகப் பீ ஓடுகிறது. அதை மிதித்து ரத்தினம்மாவுக்கு இரண்டு கால்விரல் போய்விட்டது. நாளைக்கு ஆள் அனுப்புங்கள். அவ்வளவுதான். கீழே ரத்தினம்மா அக்கா கையெழுத்துப் போட்டார்.

மோகனராஜ் அதை வாசித்துவிட்டு இரண்டு ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தார். “ஐயா, இத எதுல போட?”

“எதுலயும் போடாதீங்க. கையில கொண்டு போங்க. நாங்க இங்கயே இருக்கோம்.”

அவர் உள்ளே கொண்டு போனார். சிங்களத்தில் மாற்றி வாசிப்பது கேட்டது. பிறகு கதிரை இழுபடும் சத்தமும் துரையின் குரலும் கேட்டன. எட்டாம் நாள் புதுக் குழி வெட்டி, கல் கட்டி, மூடி போட்டார்கள். எட்டே நாள்.

கதையை இங்கே முடித்தால் எனக்கும் நிம்மதிதான். போன மாதம் ரத்தினம்மா அக்கா கடைக்கு வந்தார். ஒரு பக்கம் சரித்துச் சரித்து நடந்தார். வலது செருப்பின் முன்பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ஐயாவுக்கு எதிரே நின்றார்.

“தொர பெரிய மனசு பண்ணிக் குழி வெட்டித் தந்திருக்காரு. ஒரு நன்றிக் கடிதம் எழுதணும் ஐயா. அந்தத் தமிழ்க் கடிதத்துல தொரைக்குக் கோவமாம். மகள் டிலானி பேரு புது வீட்டு லிஸ்ட்ல இருக்கு, வெட்டிருவாங்களோனு பயமா இருக்கு. நல்ல இங்கிலீசுல, அந்தக் கைன்ட்லி எல்லாம் போட்டு மன்னிப்புக் கேட்டு எழுதிருங்க.”

ஐயா கீபோர்டைத் தள்ளி வைத்தார். “அந்தச் சொல்லு இப்ப என்கிட்ட இல்ல ரத்தினம்மா” என்றார்.

“என்ன ஐயா, நீங்களே இப்படிச் சொன்னா?”

“டிலானி வீட்டுக்குத் தமிழ்ல எழுதித் தர்றேன். மன்னிப்பு எதுக்கு?”

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை, கோபம் இருந்தது. இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்க் கடைக்குப் போனார். அங்கே ஒரு பெடியன் எதையும் இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பான்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கொப்பி எங்கள் கடையில்தான் தெளிவாக விழுமாம். கடதாசியை என்னிடம் நீட்டினார். ஐயா தலையைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன், மூடியை அமுக்கினேன். ஐந்து கைன்ட்லி இருந்தது.

“ஆபீசுல கொடுத்தா தொர பாப்பாருல்ல கலா?” என்று அக்கா கேட்டார்.

“பத்திரமா வைப்பாங்க அக்கா” என்றேன்.