சீசன் கடை லேசர்

பல் வைத்தியத்தை வீட்டுக் கண்ணாடி முன்னால் நானே செய்துகொண்டேன் என்று எழுத, ஐம்பது தாண்டிய எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தென்காசியில் ஒரு பல் டாக்டர் என் ஈறு வீக்கத்தை லேசரால் சரிசெய்தார். புண் சீக்கிரம் ஆற, கன்னத்தில் ஒரு சிவப்பு ஒளியையும் காட்டினார். அப்போது எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் சில தடவை வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் நாலைந்து கட்டுரைகள் படித்ததும் நானே அரை டாக்டராகிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும்போது, சீசன் கடையில் நேந்திரம் சிப்ஸுக்குப் பக்கத்தில் லேசர் டார்ச் தொங்கியது. அதுவும் சிவப்பு ஒளிதான். வாங்கிவிட்டேன்.

மறுநாள் கண்ணாடி முன் வாயைப் பிளந்துகொண்டு டார்ச்சை ஈறில் அடித்தேன். கை நழுவியதில் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்குள் பாய்ந்தது. எங்கே பார்த்தாலும் ஒரு கரும்புள்ளி.

“ஏட்டி, எனக்குக் கண்ணு போச்சு” என்று அலறினேன்.

“பல்லுக்குத்தான வைத்தியம் பாத்திய?” என்றாள் மனைவி, ஆட்டோவுக்குப் போன் போட்டுக்கொண்டே.

பாதிப்பில்லை, புள்ளி தானாக மறைந்துவிடும் என்று கண் டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போதெல்லாம் பல் டாக்டர் கூப்பிடும் நாளில் போய், அவர் தரும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய் திறந்து படுத்துவிடுகிறேன்.

டார்ச்சைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாரும் பூனைக்கு விளையாட்டுக் காட்டத்தான் இதை வாங்குதாவ, அண்ணாச்சி. அதுகூட இதப் பாத்து வாயத் தொறக்காது.”