ஒயரை வேக வைக்கிறவள்

ரொட்டிக்காரர் வெந்ததும் எடுத்துடுவார். நாங்க வெந்தது வெடிக்குதான்னு பாக்கற ஆளுங்க. ஒயர் மேல இருக்கற பிளாஸ்டிக் தோல் எவ்வளவு சூடு தாங்கும்னு சோதிக்கறதுதான் நாமக்கல் லேப்ல என் வேலை. செய்யற வேலையைச் சொந்தக்காரங்களுக்கு விளக்கியே வாய் வலிச்சவங்க நீங்களும் இருப்பீங்க. எனக்கு அந்த வலி எங்கண்ணன்கிட்ட.

என்ன வேலை கண்ணு அது?

ஒயர்த் துண்டுகளை ஒரு வாரம் சூட்டு அடுப்புக்குள்ள தொங்க விடுவோம். எடுத்து ஒரு கம்பியில சுத்துவோம். தோல் வெடிச்சா ஃபெயில். மலை மேல எங்க ஊரு தேவனூர் நாட்டுல மிளகு காய வெச்சிட்டிருந்த அண்ணன்கிட்ட இதையெல்லாம் மூச்சு விடாம சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "நல்ல ஒயரை எதுக்கு கண்ணு கெடுக்கறீங்க?"ன்னார்.

முதலாளி வந்தார்

ஒரு கம்பெனியோட ஒயர் மூணு துண்டும் வெடிச்சிருச்சு. அந்தக் கம்பெனி முதலாளி நேர்லயே வந்துட்டார். அவர் கண்ணு முன்னாடியே நாலாவதைச் சுத்தினேன். அதுவும் படக்குன்னு பிளந்துச்சு. ஃபெயில்னே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போகும்போது சொன்னார்: "அம்மிணி, உங்க கையில பலம் ஜாஸ்திங்க. அடுத்த தடவை மெல்ல வளைங்க."

எலிக்குப் பயந்து

எங்க ஊட்டுல விதைக்கதிரை அடுப்புக்கு மேல கட்டுவோம், புகைக்குப் பூச்சி அண்டாது. போன தை மாசம் போனப்பதான் கவனிச்சேன், அண்ணன் ஒயரையும் அந்த வழியாவே இழுத்திருக்கார். எலி கடிக்காதாம்! அண்ணி தினமும் ஈரக்கையை நீட்டற இடம் அது.

மெயினை அணைச்சுட்டுக் கழட்டச் சொன்னேன். "மூணு வருசமா லைட்டு நல்லாத்தான எரியுது? லேப் புத்தியை இங்க காட்டாத"ன்னு எகிறினார். நானே மெயினை அணைச்சு, ஸ்டூல்ல ஏறிக் கழட்டி, கரண்டிக் காம்புல சுத்தினேன். தோல் பொரிப்பொரியா உதிர்ந்து, உள்ள செம்பு பளிச்சுன்னு தெரிஞ்சுது. அண்ணன் ஒயர்மேனுக்குப் போன் போட்டார். அண்ணி தன் கையையே பாத்துட்டு நின்னாங்க.

அடுத்த நாளே ஒயர்மேன் வந்து, அடுப்பை விட்டுத் தள்ளி எதிர்ச்சுவத்துல பைப்புக்குள்ள புது ஒயர் இழுத்தார். விஷயம் பரவி, அக்கம்பக்கத்துக்காரங்களும் அவங்கவங்க அடுப்பு மேல கிடந்ததைக் கழட்டிச் சுருட்டிக்கிட்டு வந்துட்டாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. அண்ணி வாசல்ல நின்னு அதட்டினாங்க: "ஏனுங்க, வரிசையா வாங்க! எங்கூட்டுப் பொண்ணு வளைச்சும் வெடிக்காததுதான் ஒயரு."

நாங்க ஒழுங்கா வேலை செஞ்சா எங்கயும் எதுவும் நடக்காது. அந்த நடக்காத ஒண்ணைக் காட்டித்தான் நாங்க பீத்திக்கணும்.