அத்தை கவுன் போட்டுக்கொண்ட நாள்

எங்கள் குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். எந்த ஊரிலும் நடப்பதுதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பக்கம் கௌதள்ளி என்ற கிராமத்திலிருந்து வந்த தமிழர்கள், மறு பக்கம் ஆங்கிலோ இந்தியர்கள். மைசூர் ரயில்வே பணிமனையில் அப்பாவும் மாமாவும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். முதலில் அப்பா மாமாவின் தங்கையைக் கட்டிக்கொண்டார். அந்த ரகளை அடங்குவதற்குள் மாமா அப்பாவின் தங்கையைக் கட்டிக்கொண்டார். ஒரே சண்டையில் இரண்டு கல்யாணமும் முடிந்ததால் செலவு மிச்சம் என்று அப்பா சொல்வார்.

பிள்ளைகள் பிறந்தபோதுதான் வேடிக்கை. எனக்கு அம்மாவின் பூனைக்கண்ணும் செம்பட்டை முடியும் வந்தன. அத்தை மகன் அத்தையை அப்படியே உரித்து வைத்திருந்தான், நல்ல கறுப்பு. மார்க்கெட்டில் பூக்காரர்கள் என்னிடம் ஆங்கிலத்தில் விலை சொல்வார்கள், அவனைக் கன்னடத்தில் விரட்டுவார்கள். எங்கள் இருவருக்கும் தாத்தா பாட்டிகள் அதே நான்கு பேர்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் மஞ்சள் சோறும் கோலா உருண்டைக் குழம்பும், பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பொங்கல்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரியவர் மாமா வீட்டுக்கு வந்தார். அவர் சொன்ன செய்தி பெரியது. மைசூர், பெங்களூர், கோலார் தங்கவயல் என்று பல ஊர்களிலிருந்தும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சேர்ந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகின்றன. பெர்த் நகருக்கு வெளியே எல்லாருமாக நிலம் வாங்கியிருக்கிறார்கள். ஒரே தெரு. நடுவில் ஒரு ஹால், அதில் நடனம், கிறிஸ்துமஸ் எல்லாம். குடும்பத்துக்கு ஒரு மனை.

மாமாவின் முகம் பளபளத்தது. அப்பாவின் தோளைத் தட்டி, "யோசிச்சுப் பாரு மேன், அங்க யாரும் நம்மளப் பாத்து நீ எந்த நாட்டுக்காரன்னு கேக்கமாட்டான்" என்றார்.

நான் பெரியவரிடம் போய், எங்கள் மனை மாமாவின் மனைக்குப் பக்கத்திலா எதிரிலா என்று கேட்டேன். எதிரில் என்றால் நல்லது, ஜன்னலில் நின்று கத்தலாம் என்பது என் திட்டம்.

அவர் என் தலையைத் தடவி, "டாடி தமிழ்தானே? அப்போ நீயும் தமிழ், சைல்ட். நமக்கு டாடி சைடுதான் கணக்கு. சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு" என்றார். பிறகு அத்தை மகனைக் காட்டி, "ஹி இஸ் அவர் பாய்" என்றார். எங்கள் பையனோ அந்த நேரத்தில் உருண்டைக் குழம்பை முழங்கை வரை வழியவிட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்ச்சில் பாடுவது நான். கிறிஸ்துமஸுக்கு அம்மாவோடு உட்கார்ந்து கல்கல் பலகாரம் உருட்டுவது நான். அவனுக்கு இரண்டு வரி ஆங்கிலம் சேர்ந்தாற்போல் வராது. அடுத்து அவர் சொன்னதுதான் இன்னும் மோசம். அம்மாவைப் பார்த்து, "யூ கேன் ஆல்வேஸ் கம், டார்லிங். நீ நம்ம பொண்ணு" என்றார்.

அப்பா அதிர்ந்து போனால் கன்னடத்துக்குப் போய்விடுவார். "ஹௌதா?" என்றார். அப்படியா என்று கேட்ட அந்த ஒரு சொல்லோடு அன்று அவர் பேச்சு முடிந்தது. அம்மா எல்லாருக்கும் கேக் எடுத்து வைத்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். அம்மா போய்விடுவாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கும்போது போய்விடுவாள். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன். மாமாவோடு அவள் ஆங்கிலத்தில் பேசினால் நடுவில் புகுந்து எனக்கு வயிற்று வலி என்றேன். வயிற்று வலி அடிக்கடி வந்ததால் கஷாயம் குடிக்க நேர்ந்தது, அது வேறு விஷயம்.

அத்தையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. மாமா போவதென்று முடிவு செய்தாகிவிட்டது; அவள்தான் போகப்போகிறவள், அதனால் நினைக்க என்ன இருக்கிறது? சொந்த ஊரை விட்டால், பக்கத்திலிருக்கும் நஞ்சன்கூடு தாண்டி அவள் அதிகம் எங்கும் போனதில்லை. ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் கேட்டாள்: "அங்க போனா எல்லாம் நம்ம ஆளுங்கதான்னு உங்க மாமா சொல்றாரு. நம்ம ஆளுங்கன்னா யாரு கண்ணு?" எனக்கு எரிச்சலாக வந்தது. உன் மகனைக் கேள் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலிலேயே நின்றுவிட்டேன். எங்கள் அறை நடுவில் அத்தை கவுன் போட்டுக்கொண்டு நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா உடுத்திய, நீலப் பூப்போட்ட கவுன். அத்தைக்குக் கெண்டைக்கால் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முந்தானை இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்பில் கட்டியிருந்தாள். சேலைக் கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயில் குண்டூசிகளோடு, அம்மா அவள் காலடியில் உட்கார்ந்து கீழ்மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உட்காரும்போது முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தாள். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை, யாரோ இருவரின் தலையை மாற்றி வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

சிரித்துக்கொண்டே இருந்த அத்தை சட்டென்று சொன்னாள்: "அண்ணி, நீங்க போங்க. அவரையும் பையனையும் கூட்டிக்கிட்டு நீங்களே போயிருங்க. உங்க ஆளுங்க, உங்க பாசை, உங்க சோறு. நான் இங்க இருந்து எங்கண்ணனையும் இந்தப் புள்ளையையும் பாத்துக்கறனுங்க."

அத்தை சொன்னதுகூடப் பெரிதில்லை. அம்மா உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அத்தையின் முகத்தையே பார்த்தாள். அவள் கண் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. அவள் யோசிக்கிறாள், உண்மையாகவே யோசிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவ்வளவு பயம் அதற்குப் பிறகு எனக்கு எதிலும் வந்ததில்லை.

பிறகு அம்மா குனிந்துகொண்டு, "நேரா நில்லு, சைல்ட். ஹெம் மடிப்பு கோணலாப் போகுது" என்றாள்.

அவர்கள் கிளம்பிய நாளில் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போக வாசலில் வேன் வந்து நின்றது. கவுனும் ஸ்வெட்டருமாக அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய காலரைச் சரிசெய்ய அம்மா வேனுக்குள் ஏறினாள். டிரைவர் எஞ்சினைக் கிளப்ப, நான் குவார்ட்டர்ஸே திரும்பிப் பார்க்கும்படி அலறினேன். அம்மா போகாதே, போகாதே என்று கத்திக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்பா பதறிப்போய் என்னைத் தூக்கினார். அம்மா இறங்கி வந்து கட்டிக்கொண்டாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள், வேன் திரும்பும்வரை.

அம்மாவைப் போகவிடாமல் நிறுத்தியது நான்தான் என்று வெகுநாள் பெருமையோடு இருந்தேன். அத்தையை நினைத்தால் அவள் எவ்வளவு நல்லவள் என்று தோன்றும், புருஷனையும் பிள்ளையையும்கூட அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கத் துணிந்தாளே என்று. அன்று அந்த அறையில் அவள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, என்னை அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அம்மாவைப் போகாதே என்று சொல்ல நான் இருந்தேன். அத்தையிடம் அதைச் சொல்ல அந்த வாசலில் ஒருவர்கூட இல்லை.