நின்ற இடத்தில் பறப்பது

மீனம்பாக்கம் போக, குரோம்பேட்டையில் பேருந்து மாறக் காத்திருக்கிறேன். விமானப் பராமரிப்புப் பயிற்சிக்கு இன்று நேர்காணல். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். கையிலிருக்கும் புத்தகத்திலுள்ள வானூர்தி வகைகளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தும் பாதியில் தடுமாறுகிறேன். தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் கடக்கிறது.

"கடல் மேல பாத்துருக்கேன், இது அப்டியே நிக்குது. பிளேனு ஏன் நிக்க மாட்டேங்குது?" என்கிறார் பக்கத்தில் கூடையோடு நிற்கும் மீன்கார அக்கா.

"பிளேன் முன்னால ஓடினாதான் இறக்கை அதைத் தூக்கும்கா. ஹெலிகாப்டர்ல இறக்கையே சுத்துது. அதான் நின்ன இடத்துலயே பறக்குது."

அக்கா தன் தோழியிடம் திரும்புகிறார். "கேட்டியா? அது ஓடிக்கினே இருக்கணும். இதுக்கு ரெக்கை மட்டும் ஓடுனா போதும்."

"நீ எப்போ படிச்ச?" என்கிறாள் தோழி.

"இப்பதான், பஸ் ஸ்டாப்புல."

பேருந்து வருகிறது. புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு ஏறுகிறேன். நேர்காணலில் அவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.