கோழிக்கால் பட்ட சிமென்ட்

போன வாரம் எங்கள் ஹால் சுவரில் ஒரு விரிசல். நான் ஆபீஸ் பென்ஷன் வேலையாக வெளியே போய்த் திரும்புவதற்குள் மனைவி ஆளைக் கூப்பிட்டு, பட்டி பார்த்து, பெயின்டும் அடித்துவிட்டாள். “பாருங்க, இருந்த இடம் தெரியல!”

எனக்குப் பகீரென்றது. விரிசல் எங்கே போயிருக்கும்? உள்ளேதானே இருக்கிறது!

நான் இப்படிப் பதறுவதற்குக் காரணம் ஆரோக்கியம் அக்கா.

எழுபதுகளின் தொடக்கம். ஜியாலஜிஸ்ட் பரமசிவம் சாரிடம் நான் டிராப்ட்ஸ்மேன். தொப்பூர் கணவாயில் எந்தச் சரிவு நிற்கும், எது சரியும் என்று மேப் போடும் வேலை. சார் மலையேறி, பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தண்ணீர் எங்கே கசிகிறது என்று குறித்துத் தருவார். நான் கலர் அடிப்பேன். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. சிவப்பு என்றால்... கிளம்பு!

ரோட்டோரம் ஆரோக்கியம் அக்காவின் இட்லிக் கடை. கடையும் அதுதான், வீடும் அதுதான். எங்களுக்குச் சாப்பாடு அங்கேதான். சாருக்கு மட்டும் எப்போதும் ஒரு இட்லி கூடுதலாக விழும். வேண்டாம் என்றால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும்.

கடைக்குப் பின்னால் சரிவில், பாறையில் ஒரு நீள விரிசல். சார் அதன் குறுக்கே மூன்று இடத்தில் சிமென்ட் பூசி, ஈரத்திலேயே தேதியைக் கீறி வைத்தார். மலை நகர்ந்தால் பூச்சு உடையும். அவ்வளவுதான் சூட்சுமம்.

மாதா மாதம் போய்ப் பார்த்தோம். மழை பெய்தது, பூச்சு கல் மாதிரி இருந்தது. மூன்றாவது மாதம் சார், “பச்சை அடிச்சுடலாம்யா” என்று சொல்லியேவிட்டார்.

சொன்னவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சிமென்டில் அழகாக ஒரு கோழிக்கால் தடம்!

“நான் பூசும்போது கோழி எதுவும் வரலையே?”

இட்லி ஊற்றிக்கொண்டிருந்த அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். “நாந்தாங்க சாரு பூசுனேன். மழ பேஞ்சா ஒடஞ்சி ஒடஞ்சி போவுது. பூசுன வேல நிக்கலன்னா மேலதிகாரிங்க உங்கள வைவாங்களே! அதான் பெயத்துப்போட்டு, புதுசா பூசி, உங்க தேதியையும் அப்பிடியே பாத்துக் கீறிவுட்டேன்.”

சார் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா... அது உடையுதான்னு பார்க்கத்தாம்மா பூசினேன்.”

“ஒடையறதுக்கா பூசுனீங்க!” அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

“எத்தனை தடவை உடைஞ்சுது?”

“மூணு தடவைங்க. மாதா திருநாளப்ப பேஞ்ச மழைல மொத தடவ. அப்ப வெடிப்புல நகந்தான் உள்ள போச்சு. போன வாரம் வெரலே போச்சுங்க.”

எந்தக் கருவியும் தராத கணக்கு! சார் அதை வார்த்தைக்கு வார்த்தை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கே கடை பெஞ்சில் மேப்பை விரித்துச் சிவப்பு அடித்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

“என் வூடு எங்க தம்பி?”

சிவப்புக்கு நடுவே ஒரு புள்ளியைக் காட்டினேன். அக்கா அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார்.

“வேற கலரு இல்லியா?”

அன்று நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும். பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது. சார்தான் மெதுவாக, “இல்லம்மா” என்றார்.

மறுநாளே கீற்று, கழி, அடுப்பு, கோழி எல்லாம் ரோட்டைத் தாண்டி, தூரத்தில் இருந்த மேட்டுக்குப் போயின. நானும் சாரும் ஆளுக்கொரு பக்கம் பெஞ்சைத் தூக்கினோம்.

ஐப்பசி மழையில், ஒரு மத்தியான வேளை, சரிவு இறங்கியது. லாரி உயரத்துக்கு ஒரு பாறை, பழைய அடுப்பு இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு போனால், அக்கா புதுக் கடை வாசலில் நிற்கிறார். கண்ணில் தண்ணீர். வாயில் சிரிப்பு.

“சாரு, உங்க பூச்சு ஒடஞ்சே போச்சுங்க! கை கழுவிட்டு வாங்க, இட்லி சூடா இருக்குது.”

அன்று சார் கூடுதல் இட்லியை வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

நம்மேல் பிரியம் வைத்தவர்கள்தான் நம் விரிசல்களை அவசர அவசரமாகப் பூசிவிடுகிறார்கள். கோபித்துக்கொள்ள முடிகிறதா?

நேற்று ஹால் சுவரில் பட்டியைச் சுரண்டி, விரிசலின் குறுக்கே சிமென்ட் வைத்து, தேதி கீறியிருக்கிறேன்.

மனைவி அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் — மறுபடி பூசினால் காட்டிக்கொடுக்க எங்கள் வீட்டில் கோழி இல்லை. இனி நான்தான் காவல்!